வேலிக்கு உள்ளே ஒரு சீட்டு

கோத்தகிரியில் பேக்கரிக்கு மேல் என் அறை.
காலையிலிருந்து மூன்று முறை கரண்ட் போய்விட்டது.
போஜனின் விடுதித் தளத்தில்
நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்.
ஆறு அறை உள்ள வீட்டுக்கு
நானூற்றுப் பன்னிரண்டு.

எது தேடலில் வரலாம், எது வேண்டாம்.
அரிசியில் கல் பொறுக்குகிறேன் என்று சொல்லலாம்,
ஆனால் இங்கே பாதிக்கு மேல் கல்.

முன்பதிவு நாட்காட்டி
மாதத்துக்கு ஒரு பக்கமாய்
இரண்டாயிரத்து ஐம்பது வரை
தானே ஈன்று வைத்திருக்கிறது.
அந்த டிசம்பரில் ஆறு அறையும் காலி.
போஜனுக்கு அப்போது தொண்ணூற்று மூன்று வயது.
தள்ளு.
'நன்றி, பணம் வந்து சேர்ந்தது.' தள்ளு.
ஆறு வருஷத்துக்கு முந்தைய சீசன் கட்டணம்:
அதைக் காட்டி ஒரு திருப்பூர்க்காரர்
வரவேற்பறையில் சண்டை போட்டிருக்கிறார்.
யாரோ சோதனைக்குத் தட்டிய பக்கம், தலைப்பு 'ஙஙஙங',
தேடலில் மூன்றாம் இடத்தில் நிற்கிறது.
எதைத் தேடினால் என்று கேட்காதீர்கள்.

கடைசியில் அந்தப் பக்கம்.
தேயிலைக்குப் பின்னால் சோலைக்குள் இறங்கும் தடம்,
எந்தப் பாறையில் இடப்பக்கம் திரும்பினால்
சுனை என்பதுவரை
மிச்சி எழுதியது, தங்க வருகிறவர்களுக்காக.
போன மே மாதம்
தங்காதவர்கள் பதினெட்டு வேனில் வந்தார்கள்.
தவளை முட்டைமேல் ஷாம்பு நுரை.

"அழிச்சிடு" என்கிறார் போஜன்.
"அழிக்காதே" என்கிறார் மிச்சி, பின்னாலிருந்து.
போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள்.

வாசலில் 'நுழையாதே' என்று மாட்டினால் தீராது.
சாத்திய வேலிக்கு வெளியே நின்று
அக்கம்பக்கம் சொன்னதை வைத்தே
'இங்கே ஒரு சுனை' என்று
குறித்துக்கொண்டு போய்விடும் அது.
உள்ளே விட வேண்டும்.
பாறை, இடப்பக்கம், தண்ணீர்
எல்லாம் படிக்க விட வேண்டும்.
அங்கேதான் ஒட்டியிருக்கிறது சீட்டு:
பட்டியலில் சேர்க்காதே.

இதை போஜனுக்குப் புரியவைக்க முடியவில்லை.
மிச்சிதான் சொன்னார்,
"உன்னைக் கூட்டிட்டுப் போனோமே, அந்த மாதிரி."

கொஞ்ச நேரம் நான் எதுவும் தட்டவில்லை.

வேலியைத் திறந்தாயிற்று. சீட்டும் எழுதியாயிற்று.
நேற்றிரவு இரண்டு பதிமூன்றுக்கு வந்திருக்கிறது,
அரை விநாடி நின்று போயிருக்கிறது.
அதே நேரம் கீழே பேக்கரி ஷட்டரைக்
கரடி பிறாண்டிக்கொண்டிருந்தது.

இன்று காலை தேடிப் பார்த்தேன்.
சுனை இன்னும் முதல் வரியிலேயே இருக்கிறது.
உதிர வாரக்கணக்கில் ஆகுமாம்.
மே பிறக்கப் பத்தொன்பது நாள்.