பதினொரு பொத்தான்

பெர்கனில் மழை நின்றால்தான் செய்தி.
அன்று ஆபீஸ்காரர்கள் எல்லாம்
பேனாவை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வருவார்கள்.

"கெட்ட வானிலை என்று ஒன்று கிடையாது,
கெட்ட உடுப்புதான் உண்டு"
பால்பல்லோடு சேர்ந்து முளைக்கும் பழமொழி இங்கே.
அந்தக் கணக்கில்
இந்த ஊரிலேயே மிகக் கெட்ட உடுப்புக்காரி
நான்தான்.

டிராம் நிறுத்தத்தில் ஒன்பது பேர்.
ஒன்பதும் கறுப்பு,
அல்லது கறுப்பாகப் போகிற ஏதோ ஒன்று.
தலைமூடி, ஒட்டிய தையல், நீர் புகாத உத்தரவாதம்.
பத்தாவதாக நான்:
அறுபத்தொன்றாம் ஆண்டின் இடுப்பு ஒடுங்கிய கம்பளிக் கோட்டு,
தேன்நிறக் கையுறை,
தாடைக்குக் கீழே முடிச்சிட்ட பட்டுத்துணி.
நனைந்த கம்பளி
நனைந்த ஆடு மாதிரிதான் மணக்கும், ஒப்புக்கொள்கிறேன்.
என் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.
கைப்பை வைக்க வசதி.

குன்வோரின் கடை சாண்ட்விக்கனில்,
படகு எஞ்சின் பழுதுபார்க்கிற கொட்டகைக்கு மேல்மாடி.
அங்கே தொங்குகிற பட்டுக்கும் டீசல் வாசம்.
அவள் வாயால் ஒன்றைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை.
"கக்கத்தில் பிரிந்திருக்கு, நாற்பது குரோனர் குறைச்சுக்கோ."
"உனக்கு இது சேராது."
சொல்லிக்கொண்டே ஹேங்கரை நீட்டுவாள்.

மார்ச்சில் அப்படி நீட்டியதுதான் அந்த நீலம்.
சுழன்றால் வட்டமாகிற பாவாடை,
முழங்கைக்கு மேலேயே நின்றுவிடும் கை,
முதுகில் துணி போர்த்திய பொத்தான் பதினொன்று.
தனியாக இருக்கிற ஒருத்தி
பதினொன்றையும் பூட்டி முடிப்பதற்குள்
காபி ஆறிவிடும்.
ஆறிய காபி குடிக்கப் பழகினேன்.

முதல் நாள் அதை உடுத்தி
கோட்டில்லாமல் கிளம்பினேன்.
ஊர் பார்க்கட்டுமே என்றுதான், வேறென்ன.
மழை பக்கவாட்டில் வந்தது.
குடைகள் குப்பைத்தொட்டிகளில்
எலும்பு தெரியக் கிடந்தன.

நீச்சல் குளத்தில் சீட்டுக் கொடுப்பது என் வேலை.
மேசைக்குப் பின்னால் காலுறையைக் கழற்றினால்
முழங்கால் வரைக்கும் நீலம்.
விரலிடுக்கில் நீலம்.
வெள்ளைத் தரையில் நான் வந்த வழி நீலம்.
காவலுக்கு நிற்கும் ஓட்வார்
சிரிப்பை அடக்கப் பார்த்து
வாயிலிருந்த விசிலை ஊதிவிட்டான்.
காலை நீச்சல்காரர்கள் பதினாறு பேரும்
என்னவோ ஏதோவென்று கரையேறி நின்றார்கள்.

சாயங்காலம் சண்டை போடத்தான் போனேன்.
குன்வோர் ஈரத்துணியை விளக்கடியில் புரட்டினாள்.
ஓரமடிப்பைப் பிரித்து மூக்கருகே வைத்தாள்.
"இது நனைஞ்சதே இல்லை.
ஒரு தடவை துவைச்சதுகூட இல்லை."
அவ்வளவுதான்.
உப்பும் வினிகரும் போட்டு ஊற வைக்கச் சொல்லிவிட்டு
பொத்தான் டப்பாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அறுபது வருஷம்.
இந்த ஊரில்.
நனையாமல்.

யாரோ ஒருத்தி தினம் ஜன்னலைத் திறந்து பார்த்து
அலமாரியை மூடியிருக்கலாம்.
அல்லது உடம்பு பெருத்திருக்கலாம்.
நீலமே பிடிக்காமல் போயிருக்கலாம்.
விற்காத சரக்காய்ப் பெட்டியில் கிடந்திருக்கலாம்.
அவளுக்கு ஒரு கதை தைத்துக் கொடுக்க
எனக்கு அளவு தெரியாது.
அதன் முதல் மழை என்மேல் பெய்தது,
அது மட்டும் தெரியும்.

குளியல் தொட்டியில் ஒரு வளையம் படிந்துவிட்டது,
தேய்த்தும் போகவில்லை.
வினிகர் வாசம் மூன்று நாள்.
உலர்ந்தபோது இடுப்பில் ஆழமும்
ஓரத்தில் வெளிறலுமாக
வேறொரு நீலம்.

வியாழக்கிழமை மறுபடி உடுத்தினேன்.
டிராமில் ஒரு பொடியன் என் கணுக்காலைக் காட்டி
"அம்மா, அவங்க கரையறாங்க" என்றான்.
அம்மா அவன் தலைமூடியைக் கண்வரை இழுத்துவிட்டாள்.

கோட்டைக் கையில் மடித்துக்கொண்டு இறங்கினேன்.
அவசரத்தில் ஒரு பொத்தானைத் தவறவிட்டிருக்கிறேன் போல.
முதுகின் நடுவில்,
காசளவு இடத்தில்,
சில்லென்று மழை.