சோதனைப் படம்

புதுக் கேமரா வீட்டுக்குள் வந்தால்
முதல் படம் நான்தான்.
ஆசையால் அல்ல.
ஓடுகிறதா, ஒளி ஒழுகுகிறதா என்று பார்க்க
ஏதோ ஒன்று வேண்டும் இல்லையா,
சமையலறை ஜன்னலோரம் அசையாமல் உட்கார.
"மூச்சைப் பிடி வெல்தா."
நாற்பத்தொன்பது வருடம் பிடித்திருக்கிறேன்.

ஸ்மேனா பதினைந்து ரூபிள்.
என் பனிக்கால பூட்ஸுக்கென்று ஒதுக்கிய பதினைந்து.
சோப்புப் பெட்டி கனம்.
தூரத்தைக் கண்ணாலேயே அளந்து
வளையத்தைத் திருகவேண்டும் அதில்.
இல்க்வார்ஸ் என்னை இரண்டு மீட்டர் என்று மதிப்பிட்டான்.
நான் ஒன்றரையில் இருந்தேன்.
பின்னால் தொங்கிய வாணலி
பிடியின் ஆணி வரைக்கும் தெளிவு.
முன்னால் ஆவிபோல் ஏதோ,
இருபத்திரண்டு வயதில்.

லூபிடெலுக்கு இரண்டு கண்.
நெஞ்சோடு அணைத்து மேலிருந்து பார்க்கவேண்டும்.
அந்த ஒன்றில்தான் அந்த மனிதன்
எனக்கு முன்னால் தலை குனிந்தான்.
இடம் வலமாகத் தெரிகிறாய் என்று சிரித்தான்.
அவன் வலது என்றால் இடது பக்கம் நகரவேண்டும் என்பது
கல்யாணமான மறுவாரமே எனக்குப் புரிந்திருந்தது.

மகள் பிறந்த வருடம் ஸெனித்.
லினோலியம் ஆலையில் ஒரு மாதச் சம்பளம்,
கிட்டத்தட்ட ஒரு கிலோ இரும்பு.
ஷட்டர் விழுந்தால் துறைமுகக் கதவைச் சாத்திய சத்தம்.
தொட்டிலில் சர்மீத்தே அலறினாள்.
அந்தப் படத்தில் நான் பாதி எழுந்திருக்கிறேன்,
ஒரு கை சட்டகத்துக்கு வெளியே.
ஷட்டர் செத்த பிறகு அதை
முட்டைக்கோஸ் ஊறும் ஜாடிக்குப் பாரமாக வைத்தேன்.
மூன்று நாள் பேசவில்லை.
முட்டைக்கோஸ் நன்றாகவே புளித்தது.

நல்ல படங்கள் ஆல்பத்துக்குப் போகும்,
சோதனைகள் சாக்லேட் டப்பாவுக்கு.

பிராக்டிகாவில் மட்டும் முதல் படம் நான் இல்லை.
குளியல் தொட்டிக்கு மேல் காயப்போட்ட சுருளை
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
எனக்கு முன்னால் ஒருத்தி.
குட்டை முடி வெள்ளையாக, பல்லெல்லாம் கறுப்பாக,
கல்லாமேல் முழங்கை ஊன்றிச் சிரிக்கிறாள்.
கடைக்காரியாக இருக்கலாம்.
காசு கொடுக்குமுன் ஓடுகிறதா என்று பார்த்திருக்கலாம்.
கேட்கவில்லை.
லிண்டன் மரங்கள் பதினோரு முறை பூத்தன, கேட்கவில்லை.
ரூபிள் போய் லாட் வந்தது.
ரஷ்யக் கப்பல்கள் லியெபாயாவை விட்டுப் போயின.
படம் எடுக்காதே என்ற பலகையை யாரோ பிடுங்கி
அடுப்புக்கு எடுத்துப் போனார்கள்.
அன்றைக்கே அலைதடுப்புச் சுவரில் நின்று
முப்பத்தாறு படமும் கடலையே எடுத்தான்.
கேட்கவில்லை.
அவள் துல்லியமாக விழுந்திருந்தாள்,
அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பிறகு இரண்டு ஜப்பான் கேமராக்கள்.
ஒன்று ரீகா ரயிலில் தொலைந்தது,
அதனுள்ளே நானும்.

போன மாதம் சர்மீத்தே டப்ளினிலிருந்து அனுப்பியதற்கு
பிலிமும் இல்லை, சத்தமும் இல்லை.
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.
மூச்சைப் பிடி என்றான்.
நடுங்குவது இப்போது அவன் கை.
எடுத்தானா என்று தெரியுமுன்
திருப்பிக் காட்டிவிட்டான்.
முன்பெல்லாம் எடுப்பதற்கும் பார்ப்பதற்கும் நடுவே
இரண்டு வாரமாவது ஓடியிருக்கும்;
சற்று இளைய யாரையோ பார்ப்பதுபோல்
பார்த்துக்கொள்ளலாம்.
இவள் இந்த நிமிடத்துக் கிழவி.
கையில் தோல் சுருண்டு தொங்கும் கிழங்கு,
ஒவ்வொரு நரையும் தனித்தனியாக.
கடைசியில் ஒருவழியாகத் தூரம் சரி.

அழிக்கவா என்று கேட்டது கேமரா.
சோதனைதானே என்று அமுக்கினான்.

இன்னொன்று எடு என்றேன்.
எதற்கு, நன்றாகத்தான் ஓடுகிறதே என்று
கடற்கரைக்குக் கிளம்ப
பூட்ஸைத் தேடினான்.