இறங்கும் கால்

தவக்காலத்து வெள்ளிகளில்
எலத்தகிரிக் கோயிலில், சிலுவைப்பாதை முடிந்தபின்,
உபதேசியார் சந்தியாகு புனிதர் கதை வாசிப்பார்.
அந்த வாரம் தூண்மேல் நின்ற சிமியோன்.
சிரியா தேசம். முப்பத்தாறு வருஷம்.
வெயில், பனி, காலில் ஆறாத புண்.
புண்ணிலிருந்து புழு விழுந்தால்
குனிந்தெடுத்து அங்கேயே திரும்ப வைப்பாராம்,
உனக்கு விதித்ததை நீ தின்னு என்று.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
எனக்குத் தூண் கிடைத்துவிட்டது.

பர்கூர் பக்கம் குவாரியில் எனக்கு எழுத்து வேலை.
லோடு, டீசல், ஆள் கணக்கு.
எங்கள் கல்லுக்கு வியாபாரப் பெயர் பாரடைஸ்.
ஊதாவில் சிவப்பு ஓடும்,
நனைத்தால் ஈரல் மாதிரி மினுங்கும்.
விரிசல் கண்டு விலைபோகாத பிளாக் ஒன்று
யார்டு மூலையில் இரண்டாள் உயரத்துக்கு நின்றது.
மறுநாள் இரவு அதில் ஏறி உட்கார்ந்தேன்.

கறியை விட்டேன். பீடியை விட்டேன்.
சிமெண்டுச் சாக்கைக் கிழித்துச் சட்டைக்குள் போட்டேன்.
மார்பு தடித்து எரிந்தது.
அதில் ஒரு திருப்தி இருந்தது,
அதையும் பாவக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.
வாட்ச்மேன் முனிகிருஷ்ணன் டார்ச் அடித்துக் கேட்டான்:
"மேல காத்து நல்லா வருதாண்ணா?"

காற்று வந்தது.
சென்னை ரோட்டில் லாரிகள் போயின.

சொல்லிவிடுகிறேன்.
ஆடியில் ஒரு செவ்வாய்
கம்பிக்கயிறு அறுந்து கல் சரிந்தது.
அடியில் திம்மராயன்.
காலை ஏழு மணிக்கு என் கையால்தான்
அவன் பெயருக்கு நேரே 'பி' போட்டிருந்தேன்.
மூன்று மணிக்கு முதலாளியின் ஆள் வந்தான்.
வெள்ளை மை பூசி, ஊதி, காயவைத்து,
அதே பேனாவால் 'ஏ' போட்டேன்.
செத்த நாளில்
அவன் வேலைக்கே வரவில்லை.

பதினைந்தாயிரம்.
வீட்டுக்குத் தகரக் கூரை போட்டேன்.
மழை பெய்தால் பேர் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

பாவசங்கீர்த்தனத்தில்
பொய் எழுதினேன் சாமி என்றேன்.
எத்தனை தடவை என்றார்.
ஒரு தடவை.
பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்.

பெரிய வாரம், புதன் இரவு,
கெம்பம்மா வந்தாள்.
எங்கள் சாமி அவளுக்குத் தெரியாது,
சிமியோனும் தெரியாது.
வாட்ச்மேனின் டார்ச் அவள் கையில் இருந்தது.

"எங்களுக்காகப் பட்டினி கெடக்கிறியாமே.
பட்டினி எங்களுக்குத் தெரியும்.
நீ கெடந்து காட்ட வேணாம்."

நான் பேசவில்லை.

"அன்னிக்கு அவரு சோத்துப்போசி உங்க ஆபீஸ்லதான் இருந்துச்சு.
நான்தான் வந்து எடுத்துப் போனேன்.
பாதி களி அப்படியே இருந்துச்சு.
வேலைக்கு வராத ஆளுக்கு
போசி மட்டும் எப்படி வரும்?
அந்த நோட்டு எங்க வெச்சிருக்கே?"

சிமியோனைச் சோதிக்க
பாலைவனத்துப் பெரியவர்கள் ஆள் அனுப்பினார்களாம்,
இறங்கி வா என்று.
கேட்டவுடன் அவர் ஒரு காலைக் கீழே நீட்டினாராம்.
பணிந்தாரே, அது போதும்,
அங்கேயே நில்லும் என்று சொல்லிவிட்டார்களாம்.

நானும் ஒரு காலை நீட்டினேன்.
கெம்பம்மா போதும் என்று சொல்லவில்லை.
டார்ச்சை என் பாதத்துக்கு நேரே பிடித்தாள்.
"பாத்து. அந்தப் பக்கம் வழுக்கும்."

டிராயரில் நோட்டு இருந்தது.
வெள்ளை மையை நகத்தால் சுரண்டினேன்.
அரை 'பி' தெரிந்தது,
கூடவே கொஞ்சம் காகிதமும் வந்துவிட்டது.
பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்:
வந்தான்.

காலையில் கிருஷ்ணகிரி பஸ்.
தொழிலாளர் ஆபீஸ் பத்து மணிக்குத்தான் திறக்கும்.
கழற்ற மறந்த சாக்கு உள்ளே அறுத்தது.
மடியில் நோட்டு.
கெம்பம்மா முன் சீட்டில், திரும்பவில்லை.
கண்டக்டரிடம்
ஒரு டிக்கெட் என்றாள்.