வரி முடிகிற இடம்

அதிகாலை மூன்றே முக்கால்.
மாட்டுத்தாவணியில் பூ மூட்டைகள் இறங்கியிருக்கும்.
நான் எல்லிஸ் நகர் மாடியில்
விலை அனுப்பும் ஸ்கிரிப்ட்டோடு
மல்லுக்கு நிற்கிறேன்.

நேற்றுவரை ஓடியது.
நேற்றுவரை பட்டியல் அடித்தவர் வேறு.
இன்று சந்தைக் கடையிலிருந்து துளசிராம்
புது விண்டோஸ் மடிக்கணினியில்
நோட்பேடில் தட்டி அனுப்பியிருக்கிறார்:

எண்ணூறு, பிச்சி
அறுநூற்றைம்பது, முல்லை
ஆயிரத்து இருநூறு, மல்லி

என் சர்வர் லினக்ஸ்.
இது மல்லியா என்று அதனிடம் கேட்டேன்.
இல்லையாம்.

கண்ணுக்கு மல்லிதான்.
ம, ல், லி.
எண்ணச் சொன்னால் மட்டும்
ஒன்று கூடுதலாகச் சொல்கிறது.

'மல்லி கிலோ 0' என்று விழவேண்டிய பதிவில்
'கிலோ 0' மட்டும்.
முனைவரை போன கர்சர்
கீழே இறங்காமல்
புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து
எழுதிய பெயரின் மேலேயே
ஏறி எழுதியிருக்கிறது.

போன். உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒச்சப்பன்.
"என்னா தாயி, மல்லிக்கு சைபர்னு வந்துருக்கு?
சும்மா குடுத்துட்டுப் போகச் சொல்றீகளா?"
அவர் பின்னால் வேன் உறுமிக்கொண்டிருந்தது.
பத்து நிமிஷம் என்றேன். எதை நம்பிச் சொன்னேனோ.

டவுன் பஸ்ஸில்
ஒரு விசிலுக்கு நிற்கும், ரெண்டு விசிலுக்குக் கிளம்பும்.
அவனியாபுரம் வண்டியானாலும் அழகர்கோவில் வண்டியானாலும்
இதில் குழப்பமில்லை.
இங்கே துளசிராமின் வண்டி
ஒவ்வொரு வரி முடிவிலும் ரெண்டு ஊதுகிறது:
இடப்பக்கம் திரும்பு. கீழே இறங்கு.
என் வண்டிக்கு இறங்கு ஒன்றே போதும்.
முதல் விசிலை என்ன செய்வதென்று தெரியாமல்
பூவின் பெயரோடு சேர்த்துக் கட்டிவிட்டது.

இதெல்லாம் எடிட்டருக்குத் தெரியும்.
திறந்ததுமே கண்டுபிடித்து,
எனக்கு உறுத்தக் கூடாதென்று மறைத்து,
கீழ் மூலையில் பொடி எழுத்தில்
'டாஸ்' என்று ஒப்புக்குப் போட்டிருந்தது.
நல்லவர்கள் செய்கிற கெடுதல் இப்படித்தான்,
சத்தமே வராது.

திரும்புகளை எல்லாம் துடைத்தெறிந்தால் தீர்ந்தது.
ஆனால் தெற்குமாசி வீதி அச்சகத்து சகாயராஜின்
பழைய மேக் இருக்கிறதே,
அதற்குத் திரும்பு மட்டுமே வரிமுடிவு.
அவர் அனுப்பும் பட்டியலில் அதைத் துடைத்தால்
நாற்பது பூவும் ஒரே சரம்.

சரி, திரும்பு வருமிடமெல்லாம் வரியை உடை என்று
எடிட்டருக்கு ஒரு மேக்ரோ எழுதினேன்.
துளசிராமின் பட்டியல்
பிச்சிக்கும் முல்லைக்கும் நடுவே
ஒவ்வொரு வெற்று வரியோடு வந்து நின்றது,
சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி.

ஒரு டீ.
பிறகு உறைத்தது, வரிசைதான் சங்கதி.
முதலில் ஜோடியைப் பிடி, ஒன்றாக்கு.
அப்புறம் மிஞ்சுகிற ஒண்டிக்கட்டையை மாற்று.
ரெண்டே வரி.
மூன்று பேர் கோப்பும் ஒரே மாதிரி விழுந்தது.

எண்ணச் சொன்னேன். சரியாகச் சொன்னது.
மல்லியா என்றேன். ஆமாம் என்றது.
நாலு நாற்பதுக்கு எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது,
துளசிராம் கடைசியாகத் திருத்திய விலையோடு.

மறுபடி ஒச்சப்பன்.
"வந்துருச்சு தாயி.
சைபரே தேவலாம் போல,
பத்து நிமிஷத்துல
முந்நூறு ரூவா இறங்கியிருக்கு."