படிவத்தின் நான்காம் பக்கம்

காலை நாலே முக்கால்.
தியோன்வில் நிறுத்தத்தில்
பாதிப் பேர் நின்றபடியே தூங்குகிறோம்.
எல்லையை யாரும் பார்ப்பதில்லை.
பெட்ரோல் விலைப் பலகையில் எண் சட்டென்று இறங்கினால்
லக்சம்பர்க்.
சட்டைப்பையில் செல்போன் துடித்து
நல்வரவு சொல்கிறது,
பதினோரு வருடமாக, தினமும்,
அலுக்காமல்.

ரொட்டித் தொழிற்சாலைச் சம்பளச் சீட்டில்
வரிக்குப் பிடித்தம். காப்பீட்டுக்குப் பிடித்தம்.
முதுமைக்குப் பிடித்தம்.
பிடிக்கும்போது
எங்கே போய்ப் படுக்கிறாய் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

மார்ச்சில் கடிதம்:
குழந்தைப் படி நிறுத்தப்படுகிறது.
மேற்படி கிளெலி தங்களுக்குப் பிறந்தவர் அல்ல.

இதைச் சொல்ல ஒரு அரசாங்க முத்திரை.
எனக்குத் தெரியும். அவளுக்கும்.
மூன்று வயதில் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு
"நீ இங்கயே இருக்கப் போறியா?" என்று
விசாரணை நடத்தியவள் அவள்.

பக்கத்து மேசையில் மாவு வெட்டும் ஜெம்ப்
அந்த நாட்டிலேயே குடியிருக்கிறான்.
அவன் வீட்டிலும் மனைவியின் முதல் பையன்.
படி வருகிறது.
பையனின் கட்டில் கிடப்பது
கோட்டுக்கு அந்தப் பக்கம்.
ஜெம்ப் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தான்,
ஏதோ அவன் எடுத்துக்கொண்டதுபோல.

மேல்முறையீடு, நான்காம் பக்கம்:
பராமரிப்பதற்கான சான்றுகளை இணைக்கவும்.

சமையல் மேசையில் பரப்பினேன்.
பல் கம்பித் தவணை.
நீச்சல் வகுப்பு.
ஒரே வருடத்தில் மூன்று ஜோடி ஷூ.
பேன் மருந்து, இரண்டு புட்டி,
ஒன்று எனக்கும் சேர்த்து.
மெட்ஸில் இருக்கும் தகப்பன் அனுப்புவது:
மாதம் நூறு யூரோ,
அனுப்புகிற மாதங்களில்.
அவளுக்கு நாற்பது டிகிரி காய்ச்சல் அடித்த இரவுக்கு
ரசீது கிடையாது.
மறுநாள் பேருந்தை விட்டேன், அரை நாள் சம்பளம் போனது.
அதற்கான சான்று
அவர்களிடமே இருக்கிறது.

பென்சில் தேடி வந்த கிளெலி
நான்காம் பக்கத்தைப் படித்தாள்.
பன்னிரண்டு வயது; எல்லாம் புரியும்.
ரசீதுகளைப் புரட்டி ஒன்றை உருவினாள்.
"இந்த ஹேர் டிரையர் அம்மாவோடது. வெக்காத."
அப்புறம் பென்சிலை எடுத்துக்கொண்டு
மாடிக்குப் போய்விட்டாள்.

உறை தடித்துவிட்டது.
வெளிநாட்டுத் தபாலென்றால் கூடுதல் தலை ஒட்டவேண்டும்.
கோட்டுக்குள் வைத்து நானே கொண்டுபோனேன்.
பெட்ரோல் விலை இறங்கியது.
செல்போன் துடித்தது.
தபால் செலவு மிச்சம்.