பத்து ரூபாய் ஸ்டிக்கர்

சமூகப்பணித் துறையிலிருந்து ஒரு படிவம்.
பெயர் எழுத வேண்டாம், டிக் மட்டும் போடுங்க என்று
பெஞ்சு பெஞ்சாகக் கொடுத்துக்கொண்டே போனாள் ஒருத்தி.
தலைப்பைப் படித்த கடைசி வரிசையில்
சிரிப்பு அடங்கக் கொஞ்சம் நேரமானது.

தந்தையின் தொழில்: அரசு, தனியார், விவசாயம், கூலி.
அரசு என்று போட்டேன்.
பொய்யில்லை.
இருபத்தோரு வருடமாகத் தொகுப்பூதியத்தில்
காரிமங்கலம் தாண்டி ஒரு கடையில்
கம்பிக்குப் பின்னால் நிற்கிறார்.

வீட்டில் குடிப்பவர் உண்டா?
இல்லை.
மோரைக்கூட இரண்டாவது டம்ளர் வாங்காத மனுசன்.
ராத்திரி பதினொன்றுக்கு வந்தால்
வாசலிலேயே சட்டையைக் கழற்றி வாளியில் முக்குவார்,
அந்த வாசனை உள்ளே வரக்கூடாது.
அந்த வாசனையில்தான் என் செமஸ்டர் ஃபீஸ்.
அதற்குக் கட்டம் போடவில்லை படிவத்தில்.

முதன்முதலில் குடிக்கத் தூண்டியது எது?
நண்பர்கள், மன அழுத்தம், காதல் தோல்வி, சினிமா, ஆர்வம்.
எதிலும் தீர்த்தகிரி இல்லை.
முதல் வருடம், ஹாஸ்டல் மொட்டைமாடி,
என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத மூன்றாவது மாதம்.
"டேய் பாலக்கோடு, இங்க வந்து உக்காருடா"
என்று நகர்ந்து இடம் விட்டான்.
டம்ளர் அப்புறம்தான் வந்தது.
தீர்த்தமலைக்கு வேண்டிக்கொண்டு வைத்த பெயர் அவனுடையது.
நாங்கள் தீர்த்தம் என்று சுருக்கிவிட்டோம்,
சாமி மன்னிக்கட்டும்.

கணக்கு என் கைக்கு வந்தது இரண்டாம் வருடம்.
பங்கு வசூல், சுண்டல், தண்ணீர் பாக்கெட்,
யாருக்கு யார் பாக்கி.
ஒரு பைசா பிசகாது.
ஒரே ஒரு விதி வைத்திருந்தேன்:
காரிமங்கலம் பக்கம் மட்டும் வேண்டாம்.
ஏன் என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

கேம்பஸ் இன்டர்வியூவில் மாதேஷுக்கு மட்டும் கிடைத்த அன்று
அவன் சந்தோஷத்துக்கும் எங்கள் மூன்று பேர் துக்கத்துக்கும்
சேர்த்தே வாங்கிவிடலாம் என்று முடிவானது.
தொப்பூர் ரோட்டில் ஒரு கடை.
லாரிக்காரர்கள் வரிசை.
முறை வந்ததும் கம்பிக்குள் கையை விட்டேன்.
அந்தப் பக்கம் இருந்த கையை எனக்குத் தெரியும்.
போன ஆடியில் பெட்டி விழுந்து
கட்டைவிரல் நகம் கறுத்த கை.

யாரோ லீவாம், மாற்றுக்கு வந்திருக்கிறார்.

நிமிரவில்லை.
பத்து ரூபாய் ஸ்டிக்கரை ஒட்டி நீவிவிட்டார்.
"காலி பாட்டில இங்கயேதான் குடுக்கணும்.
வேற கடையில வாங்கமாட்டாங்க."
எல்லாரிடமும் சொல்கிற அதே குரல்.
மற்றவர்களுக்குச் சில்லறையைப் பலகையில் தள்ளினார்.
எனக்கு மட்டும் எண்ணி
உள்ளங்கையில் வைத்தார்.

அன்றைக்குக் குடிக்கவில்லை என்று எழுதினால்
கவிதைக்கு நன்றாக இருக்கும்.
குடித்தேன்.
சுண்டல் வாங்கிய கணக்கில் மட்டும் ஆறு ரூபாய் உதைத்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன்.
வாளியில் சட்டை ஊறிக்கொண்டிருந்தது.
அவர் ஒன்றும் கேட்கவில்லை,
நானும் எடுத்துப் பிழிந்து காயப்போட்டேன்.
பாட்டில் இன்னும் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

வேறு ஏதேனும் கூற விரும்புகிறீர்களா?
இரண்டு புள்ளிக்கோடு விட்டிருந்தார்கள்.
வர வேண்டியது ரூபாய் பத்து என்று எழுதினேன்.

அவள் வாங்க வந்துவிட்டாள்.
பக்கத்தில் தீர்த்தம் அவசர அவசரமாக
என்னைப் பார்த்துக் காப்பியடித்துக்கொண்டிருந்தான்.
கல் குவாரிக்குப் போன அவன் அப்பாவும்
அரசு ஆகிவிட்டார்.
வீட்டில் குடிப்பவர் உண்டா?
இல்லை என்று டிக் போட்டான்.
போன தை மாதத்திலிருந்து
அதுவும் பொய்யில்லை.