எத்தனை பிடி உப்பு

ஒன்பது இருக்கை வேன்.
செவ்வாயும் வெள்ளியும் என் முறை.
அங்கோனா நிலையத்தில் ஏற்றி
மலைமேல் மூன்று வீடுகளைக் காட்டி
ஆறு மணிக்குள் இறக்கிவிட வேண்டும்.
ஓட்டுவதும் நான், மொழிபெயர்ப்பதும் நான்,
சம்பளம் மட்டும் ஓர் ஆளுக்கு.

முதலில் பிக்கியோத்தி சகோதரர்கள்.
புளிப்புச் செர்ரியைச் சர்க்கரையோடு வெயிலில் வைத்து
ஒயினில் ஊறப் போடுகிறவர்கள்.
அங்கே இரண்டு கிண்ணம் இறங்கினால்
அடுத்த வீட்டில் பர்ஸ் தானாகத் திறக்கும்.
அடுத்த வீடு, துருவால் துணியில் அச்சடிக்கும் ஜெல்மீனி வீடு.
வினிகரில் கரைந்த பழைய ஆணி,
பேரி மரத்தில் செதுக்கிய திராட்சைக் கொத்து,
ஓங்கி ஓர் அடி.
துரு என்றதும் முகம் சுளித்தவர்
மேசை விரிப்பு என்றதும் விலை கேட்பார்.

மூன்றாவது வீட்டில்தான் சிக்கல்.

எர்மேத்தேயும் நீவெஸும்
நவம்பரிலிருந்து பேச்சு இல்லை.
கீழ்ச்சரிவில் வால்நட் மரம் நிற்கிற துண்டை
காற்றாலைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டான்,
அவளை ஒரு வார்த்தை கேட்காமல்.
நூற்றிருபது ஆடு, இரண்டு வேளைக் கறவை,
எல்லாம் ஊமைப் படமாக ஓடுகிறது.
அவன் நாயிடம் சொல்வான்: "அண்டா ஆறிப்போச்சு."
அவள் சுவரிடம் சொல்வாள்: "கண்ணிருக்கிறவங்க விறகு வைக்கலாம்."
நாய்க்குப் பாவம், எல்லாமே தெரியும்.

அன்றைக்கு ரோட்டர்டாமிலிருந்து ஒரு பல் மருத்துவர்,
மார்லூஸ் என்று பெயர்,
கட்டம் போட்ட நோட்டோடு வந்திருந்தாள்.
"ஒரு சீஸுக்கு எத்தனை பிடி உப்பு?
அந்த அம்மாவைக் கேளுங்கள்."

கேட்டேன்.
என்ன பிசாசு பிடித்ததோ,
எங்கள் ஊர்ப் பேச்சில் இப்படிக் கேட்டேன்:
"அவன் உன்னைக் கேட்டிருந்தா
என்ன சொல்லியிருப்பேன்னு இவங்க கேக்கறாங்க."

நீவெஸின் கை முழங்கை வரை
திரிந்த பாலுக்குள் இருந்தது.
எடுக்கவில்லை.
"வித்துடுன்னுதான் சொல்லியிருப்பேன்.
வங்கிக் கடிதத்தைப் பிரிக்கிறது நான்தானே.
கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்."

எட்டுப் பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.
"நான்கு பிடி," என்றேன்.

பேனா ஓடியது.
"நிலவறையில் எத்தனை டிகிரி? அவரைக் கேளுங்கள்."
"ஏன் கேக்கலைன்னு கேக்கறாங்க, எர்மேத்தே."

அவன் ஒரு சீஸைத் திருப்பி வைத்தான்.
திருப்பியதையே மறுபடி திருப்பினான்.
"மாட்டேன்னு சொல்லிடுவாளோன்னு பயம்.
சொல்லியிருந்தா எனக்குக் கையெழுத்து வந்திருக்காது.
மரத்தைத் தொடமாட்டாங்க.
பத்திரத்துல ஏழாம் பக்கம்.
பாக்கச் சொல்லுங்க அவங்களை."

"பதினோரு டிகிரி."

"இவ்வளவு நேரம் பேசினாரே?"
"இத்தாலியில் எண்கள் கொஞ்சம் நீளம்," என்றேன்.

அப்போது நீவெஸ் கையை வெளியே எடுத்தாள்.
விரல் நுனியிலிருந்து வெள்ளையாகச் சொட்டியது.
சுவரை விட்டாள், நாயை விட்டாள்.
"ஏழாம் பக்கமா?"
"ஏழு."
"கண்ணாடி எங்கே வச்சே?"
நாய் எழுந்து இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு
வெயிலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

இறங்கும் வழியில் பதினெட்டுக் கொண்டையூசி வளைவு.
ஒவ்வொன்றிலும் சொல்லிவிட நினைத்தேன்:
ஒரு பிடி, மறுநாள் புரட்டிப் போட்டு இன்னொரு பிடி,
அதற்குமேல் நாக்கு தாங்காது.
பின்னிருக்கையில் அவள் யாருக்கோ வாசித்துக் காட்டினாள்,
"நான்கு, அடிக்கோடு போட்டிருக்கிறேன்."
நிலையத்தில் வாய் திறந்தேன்.
அதற்குள் ரயில் ஏழாம் மேடை என்றார்கள்.

பனிக்காலத்தில் ஒருநாள்
ரோட்டர்டாமில் ஒரு சமையலறையில்
அவள் முதல் துண்டை வாயில் போடுவாள்.
தண்ணீர், தண்ணீர் என்பாள்.
தன் கைதான் பெரிது போலும் என்று
விரல்களை விரித்துப் பார்ப்பாள்.